தேடலைச் சேமித்தலும் மீளப் பயன்படுத்தலும்: தமிழ் மின்பனுவல் ஆய்வில் 'கிரெப்' கட்டளைவரிக் கருவி

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கியப் பனுவல்கள் மின்னுருப் பெற்ற பின்னர், ஒரு சொல் ஒரு நூலில் வருகிறது, வரவில்லை, இத்தனை முறை வருகிறது என்னும் கூற்றுகளைக் கணினித் தேடலின் துணைகொண்டு நிறுவும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. எந்தத் தேடற்கோவையால், எந்தக் கோப்பில், எந்த அமைப்பில் தேடப்பட்டது என்பது பதிவாகாதவிடத்து அக்கூற்றைப் பிறர் சரிபார்க்க இயலாது. 'கிரெப்' என்னும் கட்டளைவரிக் கருவியில் தேடல்களைச் சேமித்து மீளப் பயன்படுத்தும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. ஒருங்குறி எழுத்தமைப்பும் புணர்ச்சியும் தமிழ்த் தேடலில் உண்டாக்கும் சிக்கல்களை எடுத்துக்காட்டுகளுடன் ஆராய்ந்து, சேமித்த தேடல் ஓர் ஆய்வாவணமாக அமைவதற்கு வேண்டிய கூறுகளை வரையறுக்கிறது.

திறவுச்சொற்கள்: கிரெப், தேடற்கோவை, சொல்லடைவு, ஒருங்குறி, புணர்ச்சி, சான்றுவரி, மீளாய்வு.

முன்னுரை

'இந்நூலில் இச்சொல் இடம்பெறவில்லை' என்பது ஆய்வுலகில் மிகுந்த வலிமையுடைய கூற்றாகும். நூலின் காலம், ஆசிரியரின் கொள்கை, சொல்லின் தோற்றம் ஆகியவை பற்றிய முடிவுகள் அத்தகைய கூற்றின்மேல் எழுப்பப்படுகின்றன. அச்சுநூல் வழியே ஆய்ந்த காலத்தில் இக்கூற்றுக்குப் பின்னால் முழுநூல் வாசிப்பும் சொல்லடைவும் நின்றன. இன்று அதே கூற்று, திரையில் ஒரு நொடியில் தோன்றி மறையும் தேடல் விடையிலிருந்தும் பிறக்கக்கூடும். விடை குறிப்பேட்டில் எஞ்சுகிறது. அவ்விடையைத் தந்த வினா அழிந்துவிடுகிறது.

தேடலைச் சேமித்தல் என்பது பொதுவாகத் தட்டச்சு உழைப்பைக் குறைக்கும் வசதியாகவே கருதப்படுகிறது. தமிழ்ப் பனுவலாய்வில் அது ஆய்வுமுறையின் உறுப்பாகவே கொள்ளத்தக்கது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வினா சேமிக்கப்பட்டால் மட்டுமே விடையை மற்றொருவர் மீண்டும் பெறவும் மறுக்கவும் முடியும்.

1. சொல்லடைவு என்னும் முன்மாதிரி

பனுவலில் உள்ள சொற்களை அகரநிரலாக்கி, அவை வரும் இடங்களைச் சுட்டுவது சொல்லடைவு. 1966இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ந. சுப்பிரமணியனின் பல்லவர் காலத்துக்கு முற்பட்ட தமிழ் அடைவு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவு, தாமஸ் லேமன், தாமஸ் மால்ட்டன் ஆகியோர் கணினித் துணையுடன் உருவாக்கி 1992இல் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவு ஆகியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

சொல்லடைவைத் தொகுப்பவர் ஒவ்வொரு சொல்லிடத்தும் ஒரு முடிவு எடுக்கிறார். புணர்ந்து நிற்கும் தொடரை எங்கே பிரிப்பது, வேற்றுமை உருபேற்ற வடிவத்தை எத்தலைச்சொல்லின்கீழ் வைப்பது, பாடவேறுபாட்டை ஏற்பதா விடுப்பதா என்பன அம்முடிவுகள். அவை அச்சில் நிலைபெறுகின்றன. அவற்றோடு உடன்படாதவரும் எங்கே உடன்படவில்லை என்று சுட்ட முடிகிறது.

கணினித் தேடலிலும் இதே முடிவுகள் எடுக்கப்படுகின்றன. எவ்வடிவத்தைத் தட்டச்சிடுவது, எதை விலக்குவது, எதைக் கணக்கில் கொள்வது என்று ஆய்வாளர் தீர்மானித்தே தேடுகிறார். அம்முடிவுகள் எழுத்தில் நிலைபெறாமல் போவதே வேறுபாடு. ஆகவே சேமித்த தேடலை ஒரு சொல்லுக்கு மட்டும் அமைந்த சிறு சொல்லடைவு எனக் கொள்ளலாம்.

2. கிரெப்: தோற்றமும் இயல்பும்

கிரெப் கருவியை உருவாக்கியவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சன். யுனிக்ஸ் இயங்குதளத்தின் நான்காம் பதிப்பில், 1973இல், இக்கருவி இடம்பெற்றது. 'ஈடி' என்னும் பழைய உரைத்தொகுப்பியில், ஒரு கோவை பொருந்தும் வரிகளையெல்லாம் தேடி அச்சிடுக என ஆணையிடும் கட்டளையின் எழுத்துகளே இக்கருவியின் பெயராயின.

இக்கருவியின் தோற்றத்துக்கு இலக்கியத் தொடர்பு உண்டு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அமெரிக்காவில் 1787-88ஆம் ஆண்டுகளில் ஒரே புனைபெயரில் வெளிவந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளுள் சிலவற்றை எழுதியவர் யார் என்பது நெடுநாள் ஆய்வுச் சிக்கலாக இருந்தது. பெல் ஆய்வகத்தில் லீ மக்மகான் சொல்லாட்சி வழியே அதனை ஆராய முற்பட்டபோது, அக்கட்டுரைத் தொகுதி உரைத்தொகுப்பியின் கொள்ளளவுக்கு மீறியதாக இருந்தது. ஆகவே தேடும் பகுதியைத் தாம்சன் தனிக் கருவியாகப் பிரித்தெடுத்தார் எனப் பிரையன் கெர்னிகன் எடுத்துரைத்துள்ளார். ஆசிரியர் யார் என்னும் பனுவலாய்வு வினாவோடு தொடர்புடைய கருவி என்ற வகையில் கிரெப் தமிழாய்வுக்கும் அயலானதன்று.

கிரெப்பின் அடிப்படை இயல்புகள் மூன்று. முதலாவது, அது கோப்பை வரிவரியாகப் படித்து, கொடுக்கப்பட்ட கோவை பொருந்தும் வரியை வெளியிடுகிறது. இரண்டாவது, தேடப்படுவது நேரடிச் சொல்லாகவோ, 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என வழங்கும் குறியீட்டுக் கோவையாகவோ அமையலாம். இரண்டையும் இக்கட்டுரை தேடற்கோவை எனச் சுட்டுகிறது. மூன்றாவது, தேடல் முடிந்ததும் கிரெப் ஒரு நிலையெண்ணைத் தருகிறது. பொருந்தும் வரி இருந்தால் 0, ஒன்றும் இல்லையெனில் 1, கோப்பு இல்லாமை போன்ற பிழை நேர்ந்தால் 2. இம்மூன்றாம் இயல்பு பின்னர்ப் பயன்படும்.

3. தேடலைச் சேமிக்கும் வழிகள்

கட்டளைவரியில் தேடலைச் சேமிக்க ஐந்து வழிகள் உள்ளன. அவை ஒன்றினொன்று நிலைபேறு மிக்கவை.

3.1 கட்டளை வரலாறு: முன்னர் இட்ட கட்டளைகளைப் 'பாஷ்' போன்ற கட்டளை ஏற்பி நினைவில் வைத்திருக்கும். கண்ட்ரோல் விசையுடன் 'ஆர்' எழுத்தை அழுத்திப் பழைய கட்டளையைத் தேடி மீட்கலாம். ஆயினும் பாஷ் இயல்பாக 500 கட்டளைகளையே காக்கிறது, பழையவை உதிர்ந்துவிடும். இதனை நினைவூட்டல் எனலாமேயன்றிச் சேமிப்பு எனக் கூற இயலாது.

3.2 மாற்றுப்பெயர்: நீண்ட கட்டளைக்குச் சுருக்கமான பெயரிட்டு வழங்குவது 'ஏலியாஸ்' எனப்படும். தொடக்க அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் அப்பெயர் கிடைக்கும். தேடவேண்டிய சொல்லைக் கட்டளையின் இறுதியில் மட்டுமே சேர்க்க இயலும் என்பது இதன் குறை. பாஷில் இம்மாற்றுப்பெயர்கள் கட்டளைக் கோப்புகளுக்குள் இயல்பாகச் செயற்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது.

3.3 செயற்கூறு: 'ஃபங்ஷன்' என வழங்கும் இவ்வமைப்பில், மாறும் பகுதிக்கு இடம்விட்டுக் கட்டளையை எழுதலாம். டாலர் குறியுடன் 1 என்னும் எண் இட்ட இடத்தில் ஆய்வாளர் தரும் சொல் சென்று அமரும். ஒரே தேடல்முறையைப் பல சொற்களுக்குப் பயன்படுத்த இது ஏற்றது.

3.4 தேடற்கோவைக் கோப்பு: வரிக்கு ஒரு கோவையாக எழுதிய கோப்பினைச் சிறிய 'எஃப்' எழுத்தாலாகிய விருப்பத்தின் வழியே கிரெப்புக்கு அளிக்கலாம். அவற்றுள் எதேனும் ஒன்று பொருந்தும் வரி வெளியிடப்படும். ஒரு சொல்லின் பல வடிவங்களையோ, ஒரு பொருட்புலத்தைச் சார்ந்த பல சொற்களையோ ஒருங்கே தேட இதுவே தகுந்தது. இதில் மூன்று இடர்கள் உள்ளன. கோப்பில் வெற்று வரி ஒன்று இருந்தால் அது எல்லா வரிக்கும் பொருந்தும். ஆகவே பனுவல் முழுவதும் விடையாக வரும். விளக்கக் குறிப்பாக எழுதிய வரியையும் கிரெப் கோவையாகவே கொள்ளும். விண்டோஸ் தொகுப்பியில் சேமித்த கோப்பினை லினக்ஸில் பயன்படுத்தும்போது வரியிறுதியில் உள்ள கண்ணுக்குப் புலப்படாத குறி கோவையின் பகுதியாகிப் பொருத்தத்தைக் கெடுக்கும்.

3.5 கட்டளைக் கோப்பு: 'ஸ்கிரிப்ட்' என வழங்கும் இக்கோப்பில் தேடலின் எல்லாப் படிகளையும் வரிசையாக எழுதி, இடையிடையே விளக்கக் குறிப்பும் சேர்க்கலாம். எண் குறியிட்டுத் தொடங்கும் வரியைக் கட்டளை ஏற்பி படிக்காது. அங்கே ஆய்வாளர் தம் காரணங்களை எழுதலாம். பிறரிடம் அளிக்கவும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கவும் தக்கது இவ்வடிவமே.

முதல் மூன்றும் ஆய்வாளரின் கணினிக்கு உரியவை. பின்னிரண்டும் கணினியை விட்டு வெளியே செல்லக்கூடியவை. ஆய்வுச் சான்றாகத் தகுதி பெறுவன பின்னிரண்டுமே.

4. தமிழ்த் தேடற்கோவையின் இயல்புகள்

4.1 புள்ளியும் அகரமும்

தொல்காப்பிய எழுத்ததிகாரம் புள்ளி பெற்ற மெய்யை அடிப்படையாகக் கொண்டு, புள்ளி நீங்கி உயிர் ஏறுவதை உயிர்மெய்யாக விளக்குகிறது. ஒருங்குறியின் அமைப்பு இதற்கு மாறானது. அதில் 'ழ' என்பது ஒரு குறியெண். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் ஆகிய இரண்டு குறியெண்கள். 'ழி' என்பது ழகரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டு குறியெண்கள். இலக்கணத்தில் புள்ளி மெய்யின் இயல்பு. ஒருங்குறியில் புள்ளி பின்னர்ச் சேர்க்கப்படும் குறி.

இதன் விளைவு தேடலில் உடனே புலனாகும். 'யாழ்' எனப் புள்ளியுடன் தேடினால் 'யாழின்', 'யாழொடு' என்னும் வடிவங்கள் கிடைக்கமாட்டா. அங்கு ழகரத்தின்பின் புள்ளி இல்லை. 'யாழ' என அகர ஈறாகத் தேடினால் 'யாழ்', 'யாழின்', 'யாழொடு' ஆகிய மூன்றும் கிடைக்கும். மெய்யீற்றுச் சொல்லைத் தேடும்போது ஈற்றுப் புள்ளியை நீக்கித் தேடுக என்பது இதனால் பெறப்படும் முதல் விதி. இவ்விதியை அறியாமல் செய்த எண்ணிக்கை உருபேற்ற வடிவங்களையெல்லாம் இழந்திருக்கும். சேமிக்கப்பட்ட தேடலில் புள்ளி உள்ளதா இல்லையா என்பதைப் பார்த்த அளவிலேயே அவ்விழப்பினை மற்றோர் ஆய்வாளர் கண்டறிய முடியும்.

4.2 ஒரே தோற்றம், இரு குறியீடுகள்

'பொருநன்' என்னும் சொல்லின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், எகரக் குறி, கால் ஆகிய இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமமானவை எனக் கொள்கிறது. திரையிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கிரெப் அவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. ஆய்வாளர் ஒரு முறையில் தட்டச்சிட்டு, பனுவல் மற்றொரு முறையில் அமைந்திருந்தால் விடை ஒன்றும் வாராது. பனுவல், தேடற்கோவை ஆகிய இரண்டையும் முன்கூட்டியே ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் 'நார்மலைசேஷன்' எனப்படும் இயல்பாக்கம் இதற்குத் தீர்வாகும். அப்படி கட்டளைக் கோப்பில் இடம்பெற வேண்டும்.

ஒளகாரச் சிக்கல் இதனினும் வேறானது. 'ஔவை' என ஔகாரத்தால் எழுதவேண்டியதை ஒகரமும் ளகரமும் கொண்டு 'ஒளவை' எனத் தட்டச்சிடும் வழக்கம் மின்பனுவல்களில் உண்டு. இவை ஒருங்குறித் தரப்படியும் வெவ்வேறு எழுத்துத்தொடர்கள் ஆகலின் இயல்பாக்கத்தால் ஒன்றாகமாட்டா. '(ஔ|ஒள)வை' என இரு வடிவங்களையும் கோவையிலேயே தரவேண்டும். இதனை ஒருமுறை எழுதிச் சேமித்தவர் அடுத்த பனுவலில் மீண்டும் மறக்க வாய்ப்பில்லை.

4.3 புணர்ச்சியும் சொல்லெல்லையும்

'யாழ' என்னும் கோவை 'மணியாழி' என்னும் சொல்லிலும் பொருந்தும். மணி, ஆழி என்னும் இரு சொற்களுக்கிடையே யகரம் உடம்படுமெய்யாக வந்ததால் நேர்ந்த போலிப் பொருத்தம் இது. இகரக் குறியை அடுத்து வரும் 'யாழ' என்பதை விலக்கிவிடலாம் எனத் தோன்றும். அவ்வாறு விலக்கினால் 'சீறியாழ்', 'பேரியாழ்' என்னும் உண்மையான யாழ்ப் பெயர்களும் உடன் நீங்கிவிடும். அவற்றிலும் யகரத்தின்முன் இகரமே உள்ளது. எழுத்துச் சூழலை மட்டும் கொண்டு இவற்றைப் பிரிக்கும் விதி இல்லை. படித்துப் பொருளுணர்ந்த ஒருவரின் முடிவே வேண்டும்.

ஆகவே தேடலை இரண்டு படிகளாக அமைத்தல் தகும். முதற்படியில் '[^ ]*யாழ[^ ]*' என்னும் கோவையால், இடைவெளிகளுக்கிடையே 'யாழ' வரும் எழுத்துத்தொடர்களை மட்டும் வெளிக்கொணர வேண்டும். பொருந்திய பகுதியை மட்டும் தருமாறு ஆணையிடும் 'ஓ' விருப்பம் இதற்குப் பயன்படும். இரண்டாம் படியில், ஆய்வாளர் படித்துத் தள்ளிய வடிவங்களைக் கொண்ட விலக்குப் பட்டியலை, பொருந்தாதவற்றையே தருமாறு ஆணையிடும் 'வி' விருப்பத்துடன் செலுத்த வேண்டும். வரிசையை மாற்றி முதலிலேயே விலக்கினால், ஒரே அடியில் மணியாழியும் யாழும் வரும்போது அடி முழுதும் நீங்கி உண்மைச் சான்று இழக்கப்படும். விலக்குப் பட்டியலில் வெற்று வரி இருப்பின் எல்லா விடைகளும் நீங்கும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

சொல்லெல்லை விருப்பத்தையும் தமிழில் ஆராயாமல் பயன்படுத்தல் ஆகாது. பைத்தான் மொழியின் இயல்பான கோவை நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. 'ரிப்கிரெப்' கருவி அவற்றைச் சொல்லின் உறுப்பாகவே கொள்கிறது. ஒரே கோவை இவ்விரு கருவிகளில் இருவேறு விடை தரக்கூடும். கருவியின் பெயரும் பதிப்பெண்ணும் தேடலோடு சேமிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

4.4 சீரும் அடியும்

யாப்புநோக்கில் சீர்பிரித்துத் தட்டச்சிட்ட பனுவலில், வகையுளியால் ஒரு சொல்லின் நடுவே இடைவெளி வரலாம். அடியிறுதியில் சொல் பிளவுபட்டு அடுத்த வரியில் தொடரவும் கூடும். கிரெப் வரிவரியாகவே படிப்பதால் இரண்டு வரிகளில் பிரிந்த சொல் அதற்குப் புலப்படாது. வரிகளை இணைத்தும் இடைவெளிகளை நீக்கியும் உருவாக்கிய துணைக்கோப்பில் ஒருமுறை தேடுதல் இவ்விழப்பை ஈடுசெய்யும். துணைக்கோப்பில் போலிப் பொருத்தங்கள் மிகும் ஆதலின் இரு தேடல்களின் விடைகளையும் ஒப்புநோக்க வேண்டும்.

5. எண்ணிக்கையின் அலகு

எண்ணித் தருமாறு கிரெப்புக்கு ஆணையிடும் 'சி' விருப்பம், சொல் வந்த வரிகளையே எண்ணுகிறது. ஓரடியில் ஒரு சொல் இருமுறை வந்தாலும் எண்ணிக்கை ஒன்றே. 'ஓ' விருப்பத்தை உடன் சேர்த்தாலும் இந்நிலை மாறாது. பொருந்திய பகுதிகளைத் தனித்தனி வரிகளாக வெளியிட்டு, அவ்வரிகளைப் பிறிதொரு கட்டளையால் எண்ணினாலே வருகை எண் கிடைக்கும்.

ஒரு சொல்லின் வருகை, அச்சொல் வரும் அடி, அச்சொல் வரும் பாடல் என்பன மூன்று வெவ்வேறு அலகுகள். இரண்டு ஆய்வாளர்கள் ஒரே பனுவலில் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு எண்களைத் தரும்போது, பிழை எவர்பாலும் இல்லாமல் அலகு மட்டுமே வேறுபட்டிருக்கலாம். தேடல்கள் சேமிக்கப்பட்டிருந்தால் இவ்வேறுபாட்டை அறிய இரு கட்டளைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தலே போதும்.

6. 'இல்லை' என்னும் விடையின் தகுதி

திருக்குறளின் 1330 குறள்களில் 'தமிழ்' என்னும் சொல் இடம்பெறவில்லை என்பது அறிஞரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. இத்தகைய இன்மைக் கூற்றைக் கட்டளைவரியில் சோதிக்க விரும்புவோர் கோப்பில் 'தமிழ்' எனத் தேடி, விடை வாராமை கண்டு நிறைவடையலாம். ஆயின் வெறுமையான திரைக்குப் பல காரணங்கள் உண்டு. சொல் பனுவலில் இல்லாமை அவற்றுள் ஒன்று மட்டுமே.

கோப்பு ஒருங்குறிக்கு முந்தைய 'திஸ்கி' போன்ற குறிமுறையில் இருக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்பனுவல்கள் திஸ்கியில் அமைந்து, பின்னரே ஒருங்குறிக்கு மாறின. பழைய கோப்பை இன்னும் வைத்திருப்பவர் ஒருங்குறிச் சொல்லை அதில் தேடினால் எச்சொல்லுமே கிடைக்காது. அப்போதும் கிரெப் தரும் நிலையெண் 1, அதாவது 'இல்லை'. கோப்பின் பெயரைத் தவறாக எழுதியிருந்தால் நிலையெண் 2 வரும், அது பிழை. கட்டளைக் கோப்பு இவ்விரண்டையும் பிரித்தறிந்து எழுதிவைக்கக் கூடியது. ஆனால் குறிமுறை வேறுபாட்டால் வரும் பொய்யான 'இல்லை'யை நிலையெண் காட்டிக்கொடுக்காது.

இதற்குத் தீர்வு சான்றுவரிகள். தேடலோடு சிறு சோதனைக் கோப்பொன்றும் சேமிக்கப்பட வேண்டும். அதில் கிடைத்தாக வேண்டிய வடிவங்களும், பொருந்தினும் படித்துத் தள்ளவேண்டிய வடிவங்களும் ஆய்வாளரால் எழுதப்பட்டிருக்கும். 'தமிழ' என்னும் கோவைக்குத் 'தமிழ்', 'தமிழின்', 'செந்தமிழர்' என்பன கிடைக்க வேண்டியவை. இனிது, அமிழ்து என்னும் சொற்கள் புணர்ந்த 'இனிதமிழ்து' என்னும் தொடரில் குற்றியலுகரம் கெட்டு 'தமிழ்' என்னும் எழுத்துத்தொடர் தோன்றும். இது தள்ளவேண்டிய போலிப் பொருத்தம். இதனுடன், பனுவலில் இருப்பது உறுதியாகத் தெரிந்த வேறொரு சொல்லையும் அதே கோப்பில் அதே கட்டளையால் தேட வேண்டும். தெரிந்த சொல் கிடைத்து, தேடிய சொல் கிடைக்காமற்போனால் மட்டுமே இன்மைக் கூற்று தகுதி பெறும்.

இதிலிருந்து ஒரு பொதுநெறி பெறப்படுகிறது. 'உண்டு' என்று கூற ஒரே சான்று போதும். தேடல் எத்துணைக் குறுகியதாயினும் குற்றமில்லை. 'இல்லை' என்று கூறுவதற்குச் சொல்லெல்லை இல்லாத மிக விரிந்த கோவை வேண்டும். அதில் வரும் போலிப் பொருத்தங்களைப் படித்தே தள்ள வேண்டும். 'இத்தனை' என்று கூறுவதற்கு விரிந்த கோவையும் விலக்குப் பட்டியலும் அலகு வரையறையும் ஒருங்கே வேண்டும்.

7. மறைந்து நிற்கும் அமைப்புகள்

சேமித்தலிலும் ஓர் இடர் உண்டு. ஒருமுறை அமைத்தது கண்ணுக்குத் தெரியாமல் பின்னர் வரும் எல்லாத் தேடல்களையும் மாற்றக்கூடும். குனு கிரெப்பில் 'கிரெப் ஆப்ஷன்ஸ்' என்னும் சூழல் மாறி இருந்தது. அதில் எழுதிவைத்த விருப்பங்கள் ஒவ்வொரு தேடலிலும் தாமாகவே சேர்ந்தன. ஆய்வாளர் எழுதிய கட்டளை ஒன்றாகவும், உண்மையில் நிகழ்ந்த தேடல் வேறொன்றாகவும் ஆக இது இடந்தந்தது. 2014இல் வெளிவந்த 2.21 பதிப்பில் இம்மாறி வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு, 2020இல் வெளிவந்த 3.6 பதிப்பில் அதன் செயல் முற்றும் நீக்கப்பட்டது.

ரிப்கிரெப் கருவியில் இத்தகைய அமைப்புக் கோப்பு இன்றும் உண்டு. அதன் இருப்பிடத்தை ஒரு சூழல் மாறியால் வெளிப்படையாகச் சுட்டினால்தான் அது செயற்படும். தனி விருப்பத்தால் ஒரு தேடலுக்கு மட்டும் அதனை நீக்கவும் இயலும். அன்றாடத் தேடலுக்கு இவ்வசதி ஏற்றதே. சான்றாக வைக்கப்படும் தேடலில் மறைந்த அமைப்பு எதுவும் இருத்தலாகாது. வேண்டிய விருப்பங்கள் அனைத்தும் கட்டளைக்குள்ளேயே எழுதப்பட வேண்டும்.

8. சேமித்த தேடல் ஆவணமாதல்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு தேடல் ஆய்வாவணமாவதற்கு எட்டுக் கூறுகள் வேண்டும். யாழ் பற்றிய தேடலைக் கொண்டு அவை கீழே காட்டப்படுகின்றன.

பெயர்: யாழ்-வருகை. பொருள் விளங்கும் பெயராக இருத்தல் வேண்டும். 'தேடல் 3' என்பது போன்ற பெயர் சின்னாளில் பொருளிழக்கும்.

நோக்கம்: யாழ் என்னும் இசைக்கருவிப் பெயர், தனித்தும் தொகைச்சொல்லிலும் உருபேற்றும் வரும் இடங்களைக் காணல்.

பனுவல்: கோப்பின் பெயர், அது தழுவிய அச்சுப்பதிப்பு, சந்தி பிரித்ததா பிரிக்காததா என்னும் குறிப்பு, கோப்பின் 'ஷா-256' சரிபார்ப்பு எண். கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும் ஆதலின், இருவர் தேடியது ஒரே கோப்பிலா என்பதை அதுவே உறுதி செய்யும்.

கருவி: பெயர், பதிப்பெண், மொழிச்சூழல் அமைப்பு.

தேடற்கோவை: '[^ ]*யாழ[^ ]*'.

விலக்குப் பட்டியல்: மணியாழி முதலியன, ஒவ்வொன்றுக்கும் விலக்கியதன் காரணம். கோவைக் கோப்பில் குறிப்பெழுத இயலாமையால் காரணங்கள் தனிக்கோப்பில் அமையும்.

சான்றுவரிகள்: கிடைக்க வேண்டியவை யாழ், யாழின், சீறியாழ், பேரியாழொடு, தள்ளவேண்டியது மணியாழி.

அலகும் நாளும்: எண்ணப்பட்டது வருகையா, அடியா, பாடலா என்பதும், தேடல் நிகழ்ந்த நாளும்.

இவ்வாவணம் ஒரு பக்கத்துக்கு மேற்படாது. அடுத்த நூலில் இதே சொல்லைத் தேடும் ஆய்வாளர் பனுவல் குறிப்பை மட்டும் மாற்றி, கோவையையும் சான்றுவரிகளையும் அப்படியே பயன்படுத்தலாம். புதிய நூலில் காணும் போலிப் பொருத்தங்கள் விலக்குப் பட்டியலில் சேரச் சேர, தேடல் செம்மை பெறும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• கிரெப் வழியே செய்யும் தேடலில், சொல்லடைவுத் தொகுப்பாளர் எடுக்கும் முடிவுகளுக்கு இணையான முடிவுகள் உள்ளன. சேமிப்பினால் அவை வெளிப்படையாகின்றன.

• கட்டளை வரலாறு, மாற்றுப்பெயர், செயற்கூறு ஆகியவை தனிப்பட்ட வசதிக்கு உரியவை. தேடற்கோவைக் கோப்பும் கட்டளைக் கோப்பும் பிறர் சரிபார்க்கத்தக்க சான்றுகள்.

• மெய்யீற்றுச் சொற்களைப் புள்ளி நீக்கித் தேடுதல், ஒகர ஓகாரக் குறிகளை இயல்பாக்குதல், ஔகாரத்தின் இரு வடிவங்களையும் தருதல் ஆகியவை தமிழ்த் தேடலுக்கு இன்றியமையாதவை.

• உடம்படுமெய், குற்றியலுகரப் புணர்ச்சி ஆகியவற்றால் எழும் போலிப் பொருத்தங்களை எழுத்துச்சூழல் விதியால் மட்டும் நீக்க இயலாது. படித்து எடுத்த முடிவுகளை விலக்குப் பட்டியலாகச் சேமித்தல் வேண்டும்.

• இன்மைக் கூற்றுக்குச் சான்றுவரிச் சோதனை கட்டாயமானது. வெறுமையான விடை தன்னளவில் சான்றாகாது.

ஆய்வேடுகளில் மேற்கோள் பாடலுக்குப் பாடலெண்ணும் அடியெண்ணும் தருவது இன்று மரபாகியுள்ளது. படிப்பவர் அவ்விடம் சென்று பார்க்க முடிய வேண்டும் என்பதே அம்மரபின் நோக்கம். எண்ணிக்கையும் இன்மையும் கூறும் இடங்களில் அந்நோக்கத்தை நிறைவேற்றுவது சேமித்த தேடல் ஒன்றே. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படுமாயின், அவ்வெண்ணை ஏற்பவரும் மறுப்பவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்க இயலும்.